ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை

நீங்கள் மணமான ஆண் என்றால், உங்கள் மனைவி அணியும் பாடியின் அளவு என்னவென்று இப்போதே, அலமாரியைத் திறந்து பார்க்காமல், சொல்ல முடியுமா? தெரியவில்லை என்றால் ஆறுதலுக்கு ஒரு செய்தி உண்டு. அரபு நகரமான தம்மாமில் பன்னிரண்டு ஆண்டுகள் பெண்களுக்கு உள்ளாடை விற்ற சாகிருக்கும் அது தெரியாது. தெரியாது என்பதே அவனுக்குத் தெரியாது. அதை அவனுக்குச் சொன்னவள் அவன் மனைவி நஜீஹா. அவளுடைய கதைதான் இது.

சாகிர் தொண்டிக்காரன். தம்மாம் கடைத்தெருவில் ஒரு பெரிய துணிக்கடையில் லேடீஸ் பக்கம் அவன் பொறுப்பு. ஜென்ட்ஸ் பக்கம் காயல்பட்டினத்து ஈசா. ஆண்கள் சட்டை எடுத்தால் போட்டுப் பார்க்க மூன்று அறைகள் இருந்தன. பெண்கள் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பெண்களுக்கு உடைமாற்றும் அறை வைக்கக் கூடாது என்பது அந்நாளில் அங்கே விதி. ஒழுக்கம் கெட்டுவிடுமாம். ஆனால் அதே பெண், தன் உடம்புக்கு ஒட்டிய துணியை முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் கேட்டு வாங்கலாம். அதில் ஒழுக்கத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது. பூட்டிய கதவுக்குப் பயந்தவர்கள், திறந்திருந்த கண்ணுக்குப் பயப்படவில்லை.

சாகிர் அந்தக் கண்ணை வைத்துத்தான் பேர் வாங்கினான். கறுப்பு அபாயா அங்கிக்குள் இருக்கும் பெண்ணின் உடம்பு எப்படித் தெரியும்? அவள் அட்டைப் பெட்டியைச் சுட்டிக் காட்டக் கை நீட்டுவாள். சாகிர் மணிக்கட்டைப் பார்ப்பான். ஓர் எண்ணைச் சொல்வான். அவள் தலையசைத்து வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

"பன்னெண்டு வருஷத்துல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல" என்று சாகிர் அடிக்கடி சொல்வான். கிரிக்கெட்டில் அவுட்டே ஆகாதவன் சொல்வதுபோல இருக்கும்.

நஜீஹா தொண்டியில் தையல்காரி. ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் சுடிதாரும் அவள்தான் தைத்தாள். கழுத்தில் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. டேப் வைக்காமல் அளவு சொல்கிற எவரையும் அவள் நம்பியதில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும் சாகிர், பெட்டி நிறைய அவளுக்குத் துணி கொண்டுவருவான். உள்ளாடை எல்லாம் முப்பத்து நாலு. கல்யாணத்தின்போது அவள் அளவு அதுதான். ஒரு பிள்ளை பெற்ற பிறகு முப்பத்தெட்டாகிவிட்டது. அவள் எதுவும் சொன்னதில்லை. ஆசையாகக் கொண்டுவந்தவனிடம் என்ன சொல்வது? பக்கவாட்டில் பிரித்து, துணி ஒட்டுப் போட்டு, தானே தைத்துப் போட்டுக்கொண்டாள்.

2006இல் மூன்று மாத விசிட் விசாவில் தம்மாம் வந்தாள். மகளைத் தங்கை வீட்டில் விட்டிருந்தாள். தங்கியது கடைக்கு மேலே, ஒற்றை அறை. படியிறங்கினால் கடை வாசல்.

வந்த முதல் வாரமே ஈசா தேநீர் குடித்தபடி சொன்னான்: "லாத்தா, ஒங்க மாப்பிளைக்கு டேப்பே வேணாம். மணிக்கட்டப் பாத்தாரு, நம்பரச் சொன்னாரு, கலாஸ், முடிஞ்சுது! தம்மாம்ல பாதிப் பொம்பளைங்க அளவு இவரு மண்டைக்குள்ள இருக்கு."

"சும்மா இருடா" என்றான் சாகிர். ஆனால் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் நஜீஹாவைச் சுட்டது.

டேப் இல்லாமல் சொல்வதை நம்பாதவள், அன்று ஈசா சொன்னதை அப்படியே நம்பினாள். பொறாமை வந்துவிட்டால் அறிவு வெளியே போய் நின்றுகொள்கிறது. அப்படியென்றால் இந்த மனுஷன் மணிக்கட்டையா பார்க்கிறான்? மணிக்கட்டிலிருந்து கண் எங்கே போகிறது? எத்தனை பேர்? தினமும் எத்தனை பேர்?

அதன்பின் அவளுக்குச் சமையல் ஓடவில்லை. படியின் திருப்பத்தில் உட்கார்ந்தால் கண்ணாடி வழியாக லேடீஸ் பக்கம் தெரியும். அங்கேயே உட்கார்ந்தாள். ஒரு கை நீளும். அவள் எண்ணுவாள். அவன் குனிவான். என்னவோ சொல்வான். அபாயா குலுங்கும். சிரிக்கிறாளா? எதற்குச் சிரிக்கிறாள்? உப்பில்லாமல் குழம்பு வைத்தாள். ஒரு நாள் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

"என்ன புள்ள ஆச்சு ஒனக்கு? ஊரு ஞாபகமா?" என்று சாகிர் கேட்டான்.

"இல்ல மச்சான். படியில உக்காந்தா ஊரெல்லாம் நல்லாத்தான் தெரியுது."

அவனுக்குப் புரியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. கடையில் நிற்க இடமில்லை. நஜீஹா ஒரு முடிவுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு அஸ்மத் பீவியிடம் போய், முகத்தை மூடும் துணியுள்ள அபாயா இரவல் கேட்டாள். அஸ்மத் பீவி கீழக்கரைக்காரி, ஐம்பதைத் தாண்டியவள்.

"எதுக்குடி? நம்ம ஆளுங்க இங்க மொகம் மூடுறதில்லயே."

"தூசி லாத்தா. தும்மலா வருது."

வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, கண் மட்டும் தெரியக் கடைக்குள் போனாள். கூட்டத்தில் இடித்து முன்னால் வந்து, சுவரிலிருந்த பெட்டியைக் காட்டி, குரலைக் கட்டைக் குரலாக்கி, "பாய், சைஸ்?" என்றாள்.

சாகிர் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். ஒன்பது வருடத்துக்கு முன் அவன் பிடித்த கை. அடையாளம் தெரியவில்லை. முகத்தில் ஒரு மலர்ச்சி. அவள் இதுவரை கேட்டேயிராத ஒரு தேன்குரலில், இந்தியில் சொன்னான்: "சௌந்தீஸ், மேடம்ஜி." முப்பத்து நாலு. பிறகு ரோஜா நிறத்தில் ஒன்றை எடுத்து, உங்கள் நிறத்துக்கு இது எடுப்பாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

நஜீஹா அந்த இடத்திலேயே எரிந்தாள். ஒன்பது வருடத்தில் என் நிறத்தைப் பற்றி இவன் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? மேடம்ஜியாம்! கறுப்புத் துணிக்குள் நின்ற அந்த மேடம்ஜியின் கண்ணைத் தோண்ட வேண்டும்போல இருந்தது. அந்த மேடம்ஜி தானேதான் என்பது ஒரு கணம் அவளுக்கு உறைக்கவே இல்லை. உறைத்த பிறகும் கோபம் குறையவில்லை.

வாங்கிக்கொண்டு திரும்பும்போது அஸர் பாங்கு ஒலித்தது. தொழுகை நேரத்தில் கடை மூட வேண்டும். ஈசா எல்லோரையும் வெளியேற்றி ஷட்டரை இறக்கினான். நஜீஹா படியில் ஏறி, முகத்துணியைத் தூக்கி எறிந்து, "நாசமாப் போறவன்!" என்றாள்.

"அக்கா தமிழா?"

கீழே ஒரு பெண் நின்றாள். அபாயா, திறந்த முகம், கையில் அதே கடைப் பை. பெயர் சந்தியா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், மணப்பாறைக்காரி. "மேலயா இருக்கீங்க? ஒரு அஞ்சு நிமிஷம் உங்க ரூம்ல இத போட்டுப் பாத்துக்கட்டுமா? ஹாஸ்டல் போயி பாத்தா மறுபடி வர எனக்கு லீவு கெடைக்காது."

நஜீஹா சம்மதித்தது இரக்கத்தால் அல்ல. தன் புருஷன் இவளுக்கு என்ன எடுத்துக் கொடுத்தான், அது எப்படிப் பொருந்துகிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட்டு வெளியே காவல் நின்றாள்.

உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு. "அக்கா, கொக்கியே மாட்டல."

"மாட்டலயா?"

"எப்பவும் இப்படித்தான். அந்த ஆளு எல்லாருக்கும் முப்பத்தி நாலுதான் சொல்லுவாரு. கொஞ்சம் குண்டா இருந்தா முப்பத்தாறு. சுவத்துல அடுக்கி வெச்சிருக்கறதே அந்த ரெண்டுதான்."

நஜீஹா கதவோரம் நெருங்கினாள். "அப்போ திருப்பிக் குடுக்க வேண்டியதுதான?"

சந்தியா கதவைத் திறந்து வெளியே வந்தாள். "எப்படிக்கா? ஒரு ஆம்பளகிட்ட போயி, எனக்கு இங்க இறுக்குது, அங்க லூசா இருக்குதுன்னு சொல்றதா? எங்க ஹாஸ்டல்ல ஒரு பெட்டி நெறைய கெடக்கு. யாருக்குப் பொருந்துதோ எடுத்துக்கன்னு பொதுவுல வெச்சிருக்கோம்."

சத்தம் கேட்டு வந்த அஸ்மத் பீவி வாய்விட்டுச் சிரித்தாள். "என் வீட்லயும் கெடக்கு புள்ள. தலகாணிக்குள்ள அடைச்சுட்டேன்."

மூவரும் படியில் உட்கார்ந்தார்கள். பேச்சு வளர்ந்தது.

"மெட்ராஸ்ல ஒரே ட்ரையல் ரூம்தான்" என்றாள் சந்தியா. "ஆம்பள வெளிய வந்தா நாம உள்ள போறது. தாழ்ப்பாள் இருக்குல்ல, அப்பறம் என்ன? ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்."

"தாழ்ப்பாள வெச்சவனும் ஆம்பள, பக்கத்துல ஓட்ட போட்டவனும் ஆம்பள" என்றாள் அஸ்மத் பீவி. "எனக்கு அந்த ரூமும் வேணாம், இவனுவ சட்டமும் வேணாம்."

நஜீஹா மடியிலிருந்த பையைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்குத் தனியா வேணும் லாத்தா. கதவு மட்டும் இருந்தாப் பத்தாது. வெளிய ஒரு பொம்பள நிக்கணும். இது சரியில்ல, வேற கொண்டான்னு கூசாமச் சொல்ல ஒரு ஆளு வேணும். அந்த ஆளு இல்லாததாலதான இவ்வளவு பெட்டி நெறஞ்சு கெடக்கு."

மறுநாள் மதியம் கடை அடைத்துச் சாகிர் சாப்பிட வந்தான். நஜீஹா சோற்றுக்குப் பக்கத்தில் அந்த ரோஜா நிற உள்ளாடை இருந்த பையை வைத்தாள்.

"இது எனக்குப் பொருந்தல மச்சான்."

"ஒனக்கு யாரு வித்தது?"

"நீங்கதான். சௌந்தீஸ், மேடம்ஜி. என் நெறத்துக்கு எடுப்பா இருக்குமாமே."

சாகிரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "நீயா அது?"

"என் மணிக்கட்டுதான். பாத்தீங்களே."

அவன் கடைசியாகத் தன் கோட்டைக்குள் ஓடினான். "எனக்குத் தப்பவே தப்பாது புள்ள. பன்னெண்டு வருஷத்துல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

"தெரியும். நானும் ஒம்பது வருஷத்துல ஒண்ணுகூடத் திருப்பி அனுப்பினதில்ல."

பெட்டியிலிருந்து, தான் ஒட்டுப் போட்டுத் தைத்ததை எடுத்துக் காட்டினாள். சாகிர் அந்தத் தையலை விரலால் தடவினான். இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை வேற்றுத் துணி. பிறகு, கல்யாணமான நாள் முதல் கேட்டேயிராத கேள்வியைக் கேட்டான்.

"ஒன் அளவு என்ன?"

"டேப்பு அந்தா தொங்குது. மொதல்ல எப்புடிப் புடிக்கிறதுன்னு கத்துக்கங்க."

அன்றோடு நஜீஹாவின் பழைய பொறாமை ஓய்ந்தது. அவன் கண்ணில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்த பிறகு எதற்குப் பொறாமைப்படுவது? அது இடம் மாறிக்கொண்டது. ஒரு நாள் தேநீர் கொடுக்க ஜென்ட்ஸ் பக்கம் போனவள், அந்த மூன்று அறைகளில் ஒன்றை எட்டிப் பார்த்தாள். ஆள் உயரக் கண்ணாடி. உள்தாழ்ப்பாள். உட்கார ஒரு ஸ்டூல். சட்டையை மாட்ட ஒரு கொக்கிகூட! எந்தப் பெண்ணையும் பார்த்து அவள் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. அந்தக் கொக்கியைப் பார்த்துப் பட்டாள்.

ஐந்து வாரம் அவள் அறையே பெண்களின் அறையாக இருந்தது. தொழுகை நேரத்தில் ஷட்டர் இறங்கும், படியில் செருப்புகள் சேரும். சரியில்லாததை நஜீஹாவே கீழே கொண்டுபோய், "மச்சான், இது இல்ல, முப்பத்தெட்டு" என்று உரக்கக் கேட்டு வாங்கி வருவாள். சாகிர் மணிக்கட்டைப் பார்ப்பதை விட்டான். ஆர்டரில் எல்லா அளவும் எழுத ஆரம்பித்தான். கடைசியில் அரபி முதலாளியான கஃபீலின் காதுக்குச் செய்தி போனது. "மேலே பெண்கள் ஏறக் கூடாது. மாஃபி. கலாஸ்" என்றார். முடிந்தது. உள்ளாடைக் கடையில் பெண்களே விற்க வேண்டும் என்று அரசாங்கத்தில் ஓர் ஆணை அந்த ஆண்டே வந்தது. வந்ததோடு சரி, கடைக்குள் நுழையவில்லை. விசா முடிந்து நஜீஹா ஊருக்குப் போனாள்.

இரண்டு ஆண்டு கழித்து சாகிர் கடல்பாலத்தைத் தாண்டி பஹ்ரைனில் வேலை தேடிக்கொண்டான். குதைபியாவில் ஒரு துணிக்கடை. குடும்ப விசா கிடைத்தது. நஜீஹாவும் மகளும் வந்தார்கள். கடையில் டிரையல் ரூம் உண்டு என்று அவன் போனிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தான். அவள் வந்த அன்றே போய்ப் பார்த்தாள். படிக்கட்டுக்கு அடியில் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவேதான். கதவு இல்லை, திரைச்சீலை. வரிசையில் நாலு ஆண்கள். அவர்களுக்கு நடுவே, கையில் சுடிதாரை வைத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று ஒரு பெண். நஜீஹா போய்த் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "நீ போம்மா, நான் நிக்கிறேன்" என்றாள்.

பிறகு முதலாளியிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று பதில் சொன்னார்.

"அஞ்சு வருஷமா இப்படித்தாம்மா இருக்கு. ஒரு கம்ப்ளெயின்ட்கூட வந்ததில்ல. நீங்க ஒருத்தர்தான் கேக்குறீங்க."

பதில் சொன்னது நஜீஹா இல்லை. கல்லாவுக்குப் பின்னாலிருந்த சாகிர்.

"வராது மொதலாளி. எனக்கும் பன்னெண்டு வருஷம் வந்ததில்ல."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் நாலு பேர் கேக்கட்டும். பெண்களுக்குன்னு தனியா ஒண்ணு கட்டிடலாம்" என்றார்.

அந்த நாலு பேர் இன்னும் வரவில்லை. நஜீஹா கடைக்குப் போகிறபோதெல்லாம் திரை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், நீங்கள் துணி எடுக்கும் கடையிலும் இப்படி ஒரு திரை தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த முறை போகும்போது, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை எங்கே, அதன் வாசலில் நிற்கும் பெண் எங்கே என்று முதலாளியிடம் வாய்திறந்து கேளுங்கள். பக்கத்தில் நிற்பவரையும் கேட்கச் சொல்லுங்கள்.