முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு சாவி

மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. நாலு இலக்க லாட்டரிக்கு நம்பர் எழுதிக் கொடுத்த ஈப்போ வீடுகளிலெல்லாம், "சாமி, இன்னிக்காவது வரணும்" என்று வேண்டியிருப்பார்கள். தன் வீட்டில் எழுதிய நம்பர் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்!

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கல் குவாரி ஆபீஸில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. அங்கே இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று என் மேஜையில். இன்னொன்று எங்கள் முதலாளி, சீனத் தவுக்கே, வெளியூர் போகும்போது தூக்கிக்கொண்டு போவது. தையல் மிஷின் கனம் கனக்கும். இரண்டிலும் ஹார்ட் டிஸ்க். எந்தக் கல்லை யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறோம், வரப்போகிற பெரிய ரோட்டு வேலைக்கு என்ன டெண்டர் போடப்போகிறோம்... எல்லாம் அதற்குள்தான்.

ஒரு தடவை தவுக்கே அந்தப் பெட்டியை டாக்சியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். டாக்சிக்காரர் நல்ல மனிதர், தேடி வந்து கொடுத்தார். ஆனாலும் தவுக்கே சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே கோலாலம்பூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார். அவர் கையில் ஒரு டிஸ்கெட்.

"இனிமே பெட்டியைத் திருடினாலும் உள்ளே இருக்கிறதைப் படிக்க முடியாது" என்றார் வந்தவர்.

அந்த சாஃப்ட்வேர், டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் கலைத்துப் போட்டுவிடுமாம். சரியான சாவியைத் தட்டினால்தான் பழையபடி எழுத்தாகும். இல்லாவிட்டால் திரை முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரிதான்.

"சாவி மறந்துபோச்சுன்னா?" என்று கேட்டேன்.

"நானே வந்தாலும் திறக்க முடியாது."

நீளமான சாவியாக வையுங்கள் என்று அந்த மனிதர் கெஞ்சினார். தவுக்கே கேட்டால்தானே? நாலே நாலு எண்களைத் தட்டினார். அதை என் காதில் சொன்னார். பிறகு மலாயில், "உனக்கும் எனக்கும் மட்டும். இது வெளியே போனா, நீயும் வெளியே போ" என்றார்.

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

நான் கம்ப்யூட்டரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. கூட வந்த தடிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டவன். அந்த மேஜைக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் கல் தூசிக்குள் நின்று லோரி எண்ணியிருக்கிறேன். மறுபடி அங்கே போக யாருக்கு மனம் வரும்?

ஆகவே யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் மறந்துவிட்டால்...? அந்தப் பயத்தில் ஒரு சீட்டில் எழுதினேன். பத்திரமான இடம் எது? வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன்.

செய்த தப்பு புரிகிறதா? நம் பக்கத்து வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் நாலு எண் இருந்தால், அது என்ன என்று யாராவது கேட்பார்களா!

எனக்குத்தான் உறைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, தே தாரிக் டீ குடிக்க பாய் கடையில் உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணே, உங்க வீட்டு நம்பர் இன்னிக்கு அடிக்குமாமே?" என்றார் பாய்.

"எந்த நம்பர் பாய்?"

"நான் இதெல்லாம் தொடமாட்டேன். ஆனா காலையிலேர்ந்து வந்தவன் பூரா அதைத்தான்லா பேசுறான்" என்று சொல்லி, நாலு எண்களையும் வரிசை பிசகாமல் ஒப்பித்தார்.

நம்பரே எழுதாத பாய்க்கு மனப்பாடம்! பாதி டீயை அப்படியே வைத்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி செல்வி நிதானமாக மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நேத்து வெள்ளிக்கிழமைன்னு படத்தைத் துடைச்சேன், சீட்டு விழுந்துச்சு. நீங்களோ நம்பரே எழுதாத ஆளு. உங்களுக்கே ஒரு நம்பர் கிடைச்சு, அதைச் சாமிகிட்ட வச்சிருக்கீங்கன்னா சும்மாவா?"

"அதுக்கு?"

"அதுக்கென்ன, எழுதிட்டேன். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காகிட்டயும் சொன்னேன். நல்லது நாலு பேருக்குப் போகட்டும்லா."

"அது கம்ப்யூட்டர் சாவிடி!"

"சாவின்னா சாவிக்கொத்துல மாட்டணும். சாமி படத்துக்குப் பின்னாடி வச்சா நான் என்னத்தக் கண்டேன்?"

அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் லோரி ஓட்டுவது எங்கள் போட்டி குவாரிக்கு. நம்பர் அடித்துவிட்டால் "இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று ஊரே விசாரிக்கும். கம்ப்யூட்டர் கிராணி வீட்டிலிருந்து என்பார்கள். அப்புறம் அது கம்ப்யூட்டர் சாவி என்று யோசிக்க ஆள் வேண்டுமா? தவுக்கேயிடம் சொல்லலாம் என்றால், அவர் பெட்டியோடு பினாங்கில். திங்கட்கிழமைதான் வருவார்.

சாயங்காலம் விளக்கு ஏற்றினோம். செல்வி வரவேண்டும் என்றாள். நான் வரக்கூடாது என்றேன். ஒரே விளக்கு, ஒரே கற்பூரம். முருகனுக்கு அன்று பெரிய சங்கடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நம்பர் இல்லை. ஆறுதல் பரிசில்கூட இல்லை. செல்வி முகம் தொங்கியது; நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆனால் வராவிட்டாலும் வெளியே போனது போனதுதானே? மறைத்து வைத்து, டெண்டர் விலை கசிந்தால் குவாரியில் இருக்கும் நாற்பது பேர் சோற்றில் மண். திங்கட்கிழமை காலை தவுக்கே அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லோரி எண்ணும் நோட்டு என் கண்ணுக்குள் வந்து போனது.

"உன் பெண்டாட்டி எந்தக் கடையில எழுதினா?" என்றார் கடைசியில்.

"மார்க்கெட் பக்கத்துல, தவுக்கே."

"அங்கேதான் நானும் எழுதுறேன்." குரல் இறங்கிவிட்டது. "வாரா வாரம். எட்டு வருஷமா அதே நம்பர். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கடைக்காரி எழுதிடுவா."

ஆக, பூட்டுப் போட்ட அன்றைக்கே அந்தச் சாவி கடைக்காரிக்கு மனப்பாடம்!

பிறகு அவரே எழுந்துபோய் இரண்டு காப்பி சொன்னார். அன்றைக்கே இரண்டு கம்ப்யூட்டரிலும் பூட்டை எடுத்து, புதுச் சாவி போட்டு, மறுபடி பூட்டினோம். பொழுது சாயும்வரை ஆயிற்று. இந்த முறை நீளமான சாவி. அதற்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. யாருக்கும் அதன்மேல் ஆசை வராது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ரகசியம் வை என்றால், நம் நெஞ்சுக்கு ரொம்பப் பிடித்ததைத்தான் எடுத்து வைக்கிறோம். பிடித்ததைச் சொல்லாமல் இருக்க எந்த வாயால் முடியும்? சாஃப்ட்வேர் பாவம், அது டிஸ்க்கைத்தான் பூட்டும்.

பழைய நம்பரைத் தவுக்கேயும் விடவில்லை, செல்வியும் விடவில்லை. போன சனிக்கிழமை நானும் எழுதினேன்... வரவில்லை.