புதுநன்மைக்கு இட்லி வடகறி

எங்கள் ராயபுரத்துத் தெருவில் ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை என்றால், தாயின் நகை அடகுக் கடைக்குப் போயே தீரும். வெள்ளை கவுன், பேண்டு வாத்தியம், தெருவுக்கே பிரியாணி. மூத்தவளுக்கு அப்படித்தான் என் இரண்டு வளையலையும் வைத்தேன். வட்டி கட்ட முடியாமல் ஏலத்தில் போயிற்று. மிச்சம் அம்மா போட்ட கம்மல் மட்டும்தான்.

அறுபதுகளின் கடைசியில் சின்னவள் முறை வந்தது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடுக்கினேன். சம்பளம் வந்ததும் கோயிலுக்கும் ஏழைகளுக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்த பிறகுதான் அரிசி வாங்குவேன். அதில் நான் கெட்டி. ஊர் வாய்க்குத்தான் பயம்.

அடகு வைக்கக் கம்மலின் திருகாணியைக் கழற்றினேன். பக்கத்தில் சின்னவள் ஞானோபதேசப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஆண்டவர் அப்பத்தின் வடிவில் வருகிறார் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கோபம் கோபமாக வந்தது, என் மேலேயேதான். திருகாணியை மறுபடி இறுக்கினேன்.

"ஆண்டவரே துண்டு அப்பத்துல வர்றாரு. அன்னிக்கு நான் கம்மல வெச்சு பிரியாணி ஆக்கணுமா? கையில கீற காசுக்கு இட்லி, வடகறி. அவ்ளோதான்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"ஊரே சிரிக்கும்மே."

"சிரிச்சிட்டுப் போவட்டும். வளையல் ஏலத்துல போனப்ப ஊரா வந்து மீட்டுச்சி?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். சேதி கேட்டு நாத்தனார்தான் ஓடிவந்தாள். "இன்னா அண்ணி, இட்லிக்கா தெருவக் கூப்புடுவ? எங்க அண்ணன் மானமே பூடும்! வர்ற வருசம் எம் பொண்ணுக்குப் பாரு, ரெண்டு பேண்டு வெக்கிறேன்." அதோடு விடவில்லை. யாரும் போகக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள்.

புதுநன்மை அன்று, அக்காளின் பழைய கவுனைப் பிரித்துத் தைத்து, நீலம் போட்டு உடுத்திவிட்டேன். சின்னவள் ஜொலித்தாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், போட்ட பாயில் ஒரு ஆள் இல்லை. தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அண்டா நிறைய இட்லி. அழுகையே வந்துவிட்டது.

அழுதால் நாத்தனார் ஜெயித்துவிடுவாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயில் வாசலுக்குத் திரும்பினேன். அங்கே கையேந்தி உட்கார்ந்திருந்தவர்களிடம், "எழுந்திருங்க எல்லாரும். எங்க வூட்ல விசேசம்" என்றேன். முதல் பந்தி அவர்களுக்கு. சின்னவளே வெள்ளை கவுனோடு இலை போட்டாள், இட்லி வைத்தாள். "நல்லாருப்ப தாயி" என்று ஒரு கிழவர் அவள் தலையில் கை வைத்தபோது, என் பிள்ளைக்கு எந்த பேண்டு வாத்தியமும் தேவையில்லை என்று தோன்றியது.

அதற்குள் வீட்டுக்காரர் தம்மோடு மூட்டை தூக்குகிறவர்களைக் கூட்டிவந்தார். அவர்கள் போட்ட சத்தத்தில் ஒரு கதவு திறந்தது. வடகறி வாசனையில் மற்றவையும் திறந்தன. மூன்று பந்தி ஓடியது. கடைசியாக வந்த நாத்தனார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆறு இட்லி தின்றாள். நான் எண்ணினேன், சும்மா விடுவேனா?

மறு வருடம் அவள் மகளுக்குப் புதுநன்மை. பதினைந்து நாளைக்கு முன்பு வாசலில் வந்து நின்றாள். தலை குனிந்திருந்தது. காதில் ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அந்த கவுனக் குடேன். நானும் இட்லிதான் ஊத்தப் போறேன்."

"எடுத்துக்கோ" என்றேன். "வடகறிய நானே வந்து ஆக்கித் தரேன்."