மேகத்தில் முட்டித் திரும்பிய அரிசி

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். போடிநாயக்கனூரின் பள்ளி மைதானத்தில் என் பக்கத்தில் நின்று மேற்கே பாருங்கள். தலைக்கு மேலே வெயில். எதிரே பாதிவரைக்கும் பச்சை மலை. அதற்கு மேலே மலையே இல்லை, வெண்மை மட்டும். நாம் அதை மேகம் என்கிறோம். அதற்குள் குடியிருப்பவர்கள் மஞ்சு என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது காட்சி. உள்ளே நிற்பவருக்குத் தன் வாசலே தெரியாது. அன்று அந்த வெண்மைக்குள் ஓர் ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வீட்டில், அவர் மனைவியான என் அக்கா கைக்குழந்தையோடு இருந்தாள். அவள் வீட்டில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஓர் ஐப்பசி அது. விடாமல் பெய்த மழையில் மலைக்கு ஏறும் மெட்டுச் சாலை சரிந்து விழுந்திருந்தது. சரிவு வரைக்கும் ஜீப் போகும். அதற்கப்பால் பாதை என்று ஒன்று இல்லை. தோட்டங்களுக்கு அரிசி போட ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. கல்லூரி மாணவர்களாகிய நாங்கள் மூட்டை கட்டினோம். அரிசிச் சாக்கை அதைவிடப் பெரிய சாக்குக்குள் போட்டுக் கட்டவேண்டும். விழும்போது உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கிக்கொள்ளும்.

முதல் நடை போன ஹெலிகாப்டர் சுமையோடு அப்படியே திரும்பிவந்தது.

"என்னண்ணே, போன லோடு அப்படியே வந்திருக்கு?" என்று எங்களில் ஒருவன் மூட்டை ஏற்றியவரிடம் கேட்டான்.

"அரிசிக்கு ஊரைச் சுத்திப் பாக்கணும்னு ஆசை மாப்ளே. பாத்துட்டு வந்திருச்சு."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாவட்டப் பேச்சுப்போட்டி மேடைகளில் கோப்பை வென்றவன் நான். எந்தத் தலைப்பில் எந்தப் பக்கம் நிற்கச் சொன்னாலும் நின்று வெல்பவன். நேராக விமானியிடம் போனேன். அவர் ஹெலிகாப்டரின் நிழலில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இங்கே கதிரவன் காய்கிறான். மலை அதே இடத்தில்தான் இருக்கிறது. பசியும் அங்கேயே இருக்கிறது. தயக்கம் மட்டும்தான் நடுவில் நிற்கிறது" என்றேன்.

"நல்லாப் பேசுறீங்க தம்பி. உக்காருங்க" என்றார் அவர். குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டே சொன்னார்: "மஞ்சுக்கு நேர் மேல நின்னு கீழ பாத்தா கூரை தெரியும். சரி, இறங்கலாம்னு முன்னால சாஞ்சு பாத்தா ஒண்ணுமே தெரியாது. நேர் கீழ பாக்குறப்போ கண்ணு கொஞ்சம் மஞ்சைத்தான் தாண்டணும். சரிச்சுப் பாக்குறப்போ நிறையத் தாண்டணும். கண்ணாடியில மழைத்தண்ணி வழிஞ்சா அது வேற. பக்கத்துல இருக்கிற பாறை தள்ளி நிக்கிற மாதிரி தெரியும்."

"அப்படியென்றால் எப்போதுமே போக முடியாதா?"

"மேகத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. அதுல நுழைஞ்சு போயிரலாம். ஆனா அந்தச் சந்து முழுக்க இன்னைக்குப் புகை. மேல எதுக்காக இத்தனை இடத்துல தீ மூட்டியிருக்காங்க?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைதான் ஒரு தோட்டத்தின் விலாசம். 'எங்க ஸ்டோர்ப் புகையைப் பாத்து வந்திருங்க' என்றுதான் விருந்தாளிக்கு வழி சொல்வார்கள். விமானிக்கும் அப்படியே வழி சொல்லியிருக்கிறார்கள். உலர்த்தக் காய் இருந்ததோ இல்லையோ, ஒவ்வொரு தோட்டமும் ஈரவிறகைத் திணித்துத் தன் விலாசத்தை வானத்தில் எழுதியிருக்கிறது. எல்லா விலாசமும் ஒன்றாகக் கலந்து மேகத்தின் அடியில் படிந்துவிட்டது.

ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவரோடு சரிவுவரை போனேன். கடைசி வளைவில் நின்றால் பள்ளத்துக்கு அக்கரையில் முதல் தோட்டம். ஆள் தெரியாது; பேச்சுக்குரல் மட்டும் வரும். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "தோட்டத்தில் வாழும் அன்புத் தாய்மார்களே, பெரியோர்களே" என்று தொடங்கினேன்.

"தம்பி," என்றார் ஜீப்காரர், "மாலை எல்லாம் பெறகு போடுவாங்க. வெரசா ரெண்டு வார்த்தை சொல்லு."

"தீயை அமத்துங்க" என்று கத்தினேன். "ஸ்டோர்த் தீயை அமத்துங்க. களத்துல செகப்புச் சேலை விரிங்க."

அக்கரையிலிருந்து ஒரு பெண்குரல், "தீயை அமத்திட்டா எங்க எடம் அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது.

"பொகைதான் ஆத்தா மறைக்குது. சேலை தெரியும். அடுத்த தோட்டத்துக்கும் சொல்லிவிடுங்க."

என் சொற்கள் அடுத்த மேட்டில் வேறொரு குரலாகவும், அதற்கும் அப்பால் கேட்டும் கேளாமலும் ஏறிப்போயின. அத்தனை மேடைகளிலும் என் பேச்சு இவ்வளவு தூரம் போனதில்லை.

மறுநாள் காலையில் அதே வளைவில் நின்றேன். மேகம் முகட்டைவிட்டு நகரவில்லை. ஆனால் அதன் அடியில் பள்ளத்தாக்கு கழுவி வைத்ததுபோலக் கிடந்தது. களங்களில் சேலைகள் சிவந்திருந்தன. ஹெலிகாப்டர் மேகத்தின் வயிற்றை உரசாமல் அந்தச் சந்தில் நுழைந்து, ஒவ்வொரு சேலைக்கும் மேலே நின்று நின்று மூட்டைகளைத் தள்ளியது. சற்றுப் பொறுத்து அக்கரையிலிருந்து குரல் வந்தது.

"கணக்குப்பிள்ளை வீட்டு அக்கா சொல்லிவிட்டிருக்கு. அரிசி வந்திருச்சாம். நேத்து கத்துனது தம்பிதான்னு மொதல்லயே தெரியுமாம். பாதியில தொண்டை கட்டுச்சாமே?"

ஜீப்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், தொண்டை உண்மையிலேயே கட்டித்தான் இருந்தது.

அந்த அரிசி சில நாளைக்குத்தான் காணும். சாலை திறக்க நாளாகும். மைதானத்துக்குத் திரும்பியதும் விமானி என்னைத் தேடிவந்தார்.

"நாளைக்கும் போகணும் தம்பி. ஆனா இங்க நின்னு பாத்தா சந்து தெரியாது. மேல போய்ப் பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். ஆசைக்குச் சொல்ற ஆள் வேண்டாம். உங்க அக்காவும் அங்கதான் இருக்காங்களாமே?"

சுற்றிலும் கூட்டம் நின்றது. ஒலிபெருக்கி இல்லை, எனக்கு அது தேவைப்படவும் இல்லை. கட்டிய தொண்டையோடு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்:

"ரோடு தெறக்குற வரைக்கும் தெனம் காலையில நான் அந்த வளைவுல நிப்பேன் சார். பாத்ததை அண்ணன் ஜீப்புல வந்து உங்ககிட்டச் சொல்லுவார். தெரியலைன்னா தெரியலைன்னுதான் சொல்லி அனுப்புவேன். எங்க அக்கா வீட்டுல அடுப்பு எரியாமக் கெடந்தாலும், தெரியாத மலையைத் தெரியுதுன்னு சொல்ல மாட்டேன்."