பென்குவினுக்கு வைத்த பனித்தட்டுகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில், மதுரை முதலாளி ஒருவரின் பங்களாவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி சீசனுக்கு இரண்டு மாதம் வருவார். மற்ற நாளெல்லாம் அங்கே என் ராஜ்ஜியம்தான். பக்கத்து மலைக்கிராமமான வில்பட்டியில் பிறந்தவன் என்பதால் எனக்கு எங்கள் குளிர்மேல் ஒரு திமிர் உண்டு. தூத்துக்குடியிலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்தவள் மார்கழி முழுக்கப் போர்வையோடு அடுப்படியிலேயே கிடப்பாள். கடற்கரைக்காரிக்கு எங்கள் ஊர் தாங்குமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளைக் கேலி பேசுவேன்.

அந்த மார்கழியில் முதலாளியின் காரிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கியது. உள்ளே ஒரு பென்குவின். என் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். கண்ணுக்கு மேல் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. முதலாளியின் மருமகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் யாரிடமோ வாங்கி, தூத்துக்குடியில் இறக்கியிருக்கிறார். மதுரை வெயிலில் இது பிழைக்காது, கொடைக்கானல்தான் சரி என்று முதலாளி சீட்டு எழுதியிருந்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பென்குவின் பனிக்கட்டிமேல் நிற்கிற படத்தைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்தவன் நான். அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? வெயில் எட்டிப்பார்க்காத வடக்குச் சுவரை ஒட்டிக் கொட்டகை போட்டு, வைக்கோல் பரப்பினேன். தை பிறந்ததும் உறைபனி விழ ஆரம்பித்தது. சாயங்காலம் தகரத் தட்டுகளில் தண்ணீர் ஊற்றிப் புல்வெளியில் வைத்துவிடுவேன். விடியும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். அதைப் பெயர்த்துப் பறவையின் காலடியில் போடுவேன். பார்க்க வந்த பஜார்க்காரர்கள், "சொந்த ஊருக்கே வந்த மாதிரி இருக்கும்ங்க அதுக்கு" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பறவைக்குத்தான் என் உபசாரம் பிடிக்கவில்லை. கொட்டகையைத் திறந்ததும் தத்தித் தத்தி நேரே அடுப்படி வாசலுக்குப் போகும். வெந்நீர் அடுப்போரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் வரும் கடல்மீனை என் மனைவி தலைப்பக்கமாக நீட்டினால் வாங்கித் தின்னும். உச்சிவெயிலில் அதைத் துணி துவைக்கிற கல்லருகே நிறுத்தி, அண்டாவில் உப்புத்தண்ணீர் கரைத்து வைப்பாள். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன்.

"கொல்லப் பாக்கிறியா? வெயிலு பட்டாச் செத்துரும்."

"அது வெயிலத் தேடித்தாங்க வருது. அடுப்படியிலயே கெடக்கட்டுமே."

"ஒனக்குக் குளுருதுன்னா அதுக்கும் குளுருமா?"

நான் பறவையைத் தூக்கிக் கொட்டகையில் விட்டு, வெளியே கொக்கி மாட்டினேன்.

அன்றிலிருந்து திறந்துவிடும் நேரமெல்லாம் அது அடுப்படிக்குப் போகும். நான் தூக்கிக்கொண்டு திரும்புவேன். முதலில் கையைக் கொத்திக்கொண்டிருந்தது, பிறகு கொத்துவதை விட்டுவிட்டது. தூக்கியதும் சட்டைக்குள் தலையை நுழைத்து நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். என்னிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மூடுபனி விலகாத ஒரு வாரத்தில் வைக்கோல் நமுத்துப் பூசணம் பிடித்தது. பறவைக்கு இழுப்பு வந்தது. மூச்சுவிடும்போது விசில் மாதிரி சத்தம் கேட்டது. குளிர் போதவில்லை என்று நினைத்தேன். கூட நாலு தட்டு வைத்தேன். மூன்றாம் நாள் காலை, அந்த வருடத்திலேயே கனமான பனித்தகட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கொட்டகையைத் திறந்தேன். அது கதவோரம் குப்புற விழுந்து கிடந்தது. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் அதைத் தன் போர்வையில் சுற்றினாள். தோட்டத்தில் காலை வெயில் முதலில் விழுகிற இடத்தைக் காட்டி, அங்கே தோண்டச் சொன்னாள்.

சீசனுக்கு முதலாளியோடு மருமகனும் வந்தார். பறவை செத்ததைக் கேட்டு வருத்தப்பட்டுவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார். கண் கூசும் வெயில். பாறையும் மணலும். இடையிடையே புதர். கூட்டம் கூட்டமாக அதே பறவைகள் நின்றன.

"பனி எங்கங்க?" என்று கேட்டேன்.

"அங்க ஏதுங்க பனி? நம்ம தூத்துக்குடி மாதிரி கடற்கரைதான். இது அந்த ஜாதி."

காப்பி கொண்டுவந்த மனைவி படத்தைப் பார்த்தாள். தம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. அது செத்ததைக்கூட ஒருவாறு மறந்துவிடுவேன். நெஞ்சோடு ஒட்டிக்கொண்டதைத்தான் மறக்க முடியவில்லை. பாசம் என்று பெருமைப்பட்டேன். அதற்குக் குளிர்ந்திருக்கிறது. அதை நெஞ்சிலிருந்து பிய்த்து எடுத்து, தினமும் பனிக்கட்டிமேல் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.