மாமியார் நல்லவளான மத்தியானம்

என் மாமியார் வாய்க்குக் குப்பமே பயப்படும். எனக்கோ அந்த வாய் திட்டாமல் இருந்தால்தான் பயம். அதற்குக் காரணம் உண்டு.

சுதந்திரம் வந்த மறு வருஷம், ஐப்பசி மாதம். எனக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. விடியலில் கட்டுமரத்தில் போன என் புருஷனும் பக்கத்து வீட்டுக்காரரும் மத்தியானமாகியும் வரவில்லை. கடல் கறுத்துப்போய், ராயபுரம் கரையில் நின்ற எங்கள் மேல் காற்று மணலை வாரி அடித்தது. எங்கள் மரத்தின் பாயில் என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து ஒட்டுப் போட்டிருந்தேன். அந்தச் சிவப்பு எங்கேயாவது தெரிகிறதா என்று கண் எரிய எரியப் பார்த்தேன்.

மாமியாரோ ஆளே மாறிப்போனாள். ரேஷன் கடை வரிசையில் போட்ட சண்டைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரி முகத்தில் விழிக்காதவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தாம்மே அன்னிக்கி முன்னால பூந்தேன்” என்று தானாகவே ஒப்புக்கொண்டாள். என்னைப் பார்த்து, “நீ தங்கம்மே. இனிமே உன்ன ஒரு சொல்லு சொல்லமாட்டேன்” என்றாள். கடலைக் கும்பிட்டு, “வலை வேணாம், மீனு வேணாம், புள்ள உசுரு மட்டும் போதும் தாயே” என்று அழுதாள்.

இத்தனை நல்ல குணத்தையும் இவ்வளவு நாள் எந்தப் பானையில் மூடி வைத்திருந்தாளோ! போதும் என்கிற மனசு வருவதற்கு மனுஷருக்குப் புயலே அடிக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அதை ரசிக்க எனக்குத் தெம்பில்லை. இவளே இப்படிக் குழைகிறாள் என்றால், அவர் வரமாட்டார் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு மரம் வந்தது. அதில் பாயே இல்லை. யார் வீட்டு மரமோ, பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அலை தூக்கிக் கரையில் போட்ட பிறகுதான் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. பாயைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம். மரம் கவிழாமல் இருக்க வலையையும் அறுத்துவிட்டார்களாம். எனக்கு அழுகைதான் வந்தது, கால் நகரவில்லை.

மாமியார் ஓடிப்போய் மகன் தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள். பிறகு மரத்தை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடா, வலை எங்க? புது வலைடா அது, பேமானி!”

பக்கத்து வீட்டுக்காரியிடம் திரும்பி, “உன் புருசன்தான் அறுத்திருப்பான்” என்றாள். எனக்கும் கிடைத்தது. “இன்னா பொம்ம மாரி நின்னுகினு கீற? போய் ஒல வையி!”

அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் அவளிடம் நிம்மதியாகத் திட்டு வாங்கினேன். ஒருநாள் காலையில், புருஷன் கடலுக்குப் போயிருந்தபோது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நீ சாப்ட்டியாம்மே?” என்று அன்பாகக் கேட்டாள்.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன்.