கரி பஸ்ஸில் நிறைவேறிய சட்டம்

யுத்த காலத்தில் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு சட்டம். அது டில்லியிலும் நிறைவேறவில்லை, சென்னையிலும் நிறைவேறவில்லை. ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் கரி பஸ்ஸில் நிறைவேறியது. அதுவும் ஏனோதானோவென்று இல்லை. மூன்று வாசிப்பு, திருத்தம், வாக்கெடுப்பு, மேல்சபை எல்லாம் கண்டுதான் நிறைவேறியது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கும் இதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

நான் நாமக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் வீட்டுக்காரருக்கு வேலை ராசிபுரத்தில். அதனால் தினம் பஸ்தான் கதி. பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயர இரும்பு டிரம் ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். பாதி வழியில் ஒரு புளியமரத்தருகே நின்றுவிடும். மீசைக்காரக் கிளீனர் புதுக் கரி கொட்டி, காற்றுச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுவார். கரி பற்றும்வரை எல்லோரும் இறங்கி நிற்போம்.

ஆனால் என்னைக் கெடுத்தது கரி இல்லை, மரியாதை. எங்கள் பக்கத்தில் தெரிந்த மனிதரை விட்டுவிட்டு பஸ் கிளம்பாது. டிரைவர் ரப்பர் ஹாரனை அமுக்குவார். "நெய்க்கார ஐயா இப்பத்தானுங்க குளிக்கப் போனாரு" என்று யாராவது வந்து சொல்வார்கள். "அதுக்கென்னங்க, வரட்டும்" என்பார் டிரைவர். நெய்க்காரர் குளித்து, விபூதி பூசி, நெய் டின்களை ஏற்றி உட்கார்ந்தால், அடுத்த தெருவில் இன்னொருவருக்கு வெற்றிலை வாங்கவேண்டியிருக்கும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் பழக்கமே எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. ரொம்பக் கோபம் வந்தால் "பார்க்கலாங்க" என்பார்கள். அதுதான் எங்கள் ஊரில் உச்சக்கட்ட மறுப்பு.

ஒரு திங்கட்கிழமை, பிரார்த்தனை முடிந்தபிறகு நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, பெரிய டீச்சர் வராந்தாவில் நின்றிருந்தார். "அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒரு நாள் பிரார்த்தனைக்கு வராவிட்டாலும், மறுநாள் வரவே வேண்டாம்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். என் வேலையோ இன்னும் நிரந்தரமாகாத வேலை. அந்த வேலை எனக்கு உயிர். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறெதிலும் எனக்கு அத்தனை சந்தோஷம் இருந்ததில்லை.

எங்கள் பஸ்ஸில் ஒரு வக்கீல் குமாஸ்தா தினம் வருவார். தன் வக்கீலோடு வழக்கு விஷயமாக டில்லிக்குப் போனவர், அங்கே ஒரு நாள் சட்டசபையில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். அதற்குப்பிறகு மழை வருமா என்று கேட்டால்கூட "டில்லி சபையிலே பாருங்க..." என்றுதான் ஆரம்பிப்பார். மறுநாள் காலை புளியமரத்தடியில் அவர் வழக்கம்போல் ஆரம்பித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"டில்லிக் கதை போதுங்க. இந்த பஸ் ஆளுக்கு ஆளு நின்னு போகக்கூடாதுன்னு ஒரு சட்டம் போட முடியுமா? அதைச் சொல்லுங்க" என்றேன்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடலாங்க. ஆனா முறைப்படி போடோணும்."

அவருக்கு இத்தனை நாளாக யாரும் இப்படி ஒரு வாய்ப்புக் கொடுத்ததில்லை. குறைந்தது பத்துப் பேராவது இருந்தால்தான் சபை நடக்கும், அதற்குக் கோரம் என்று பெயர் என்று சொல்லி, தலைகளை எண்ணிவிட்டு அங்கேயே சபையைக் கூட்டினார். அவர் சபைத் தலைவர். தலைவர் இல்லாத நேரத்தில் நடத்த ஒரு துணைத் தலைவர் வேண்டுமாம், என்னைப் போட்டார். சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள் கீழ்ச்சபை. பஸ்ஸின் கூரையில் துணி மூட்டைகளோடு வரும் நெசவுக்காரர்கள் மேல்சபை. இருவரும் ஒப்புக்கொண்டால்தான் மசோதா தேறும். தேறினாலும் அது சட்டமாகிவிடாது. டில்லியில் வைஸ்ராய் கையெழுத்துப் போடவேண்டும்; இங்கே டிரைவர். அவருக்குக் கையெழுத்து வராது என்பதால் ஹாரனை மூன்று தடவை அமுக்கினால் ஒப்புதல் என்று வைத்துக்கொண்டோம். டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு "என்னமோ பண்ணுங்க சாமி" என்றார்.

முதல் வாசிப்பு என்பது மசோதாவைக் கொண்டுவந்து படிப்பது மட்டும்தான். நான் படித்தேன்: மூன்றாவது ஹாரனுக்குமேல் பஸ் யாருக்காகவும் நிற்கக்கூடாது. "இதை அனுமதிக்கிறவங்க ஆமான்னு சொல்லுங்க" என்றார் தலைவர். எல்லோரும் "ஆமாங்க" என்றார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது. "எதிர்க்கிறவங்க?" என்றார். அதற்கும் எல்லோரும் "ஆமாங்க" என்றார்கள். ஒரு பெரிய மனிதர் நின்று கேட்கும்போது வேறென்ன சொல்வார்கள் பாவம். டில்லியில் இந்தச் சிக்கல் வந்ததே இல்லை என்று குமாஸ்தா ரொம்ப வருத்தப்பட்டார்.

அடுத்த நாள் இரண்டாவது வாசிப்பு. மசோதாவை வரிவரியாக அலசித் திருத்தம் கொண்டுவரும் கட்டம். அங்கேதான் என் மசோதாவுக்குச் சனி பிடித்தது. கைக்குழந்தைக்காரிக்கு மட்டும் நிற்கலாம் என்றார் ஒருவர். சரி, நியாயம். முதல் தடவை மாமியார் ஊட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும் மாப்பிள்ளைக்கு நிற்கலாம் என்றார் இன்னொருவர். சகுனம் சரியில்லாமல் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவருக்கும் நிற்கலாம். கடைசியில் நெய்க்காரர் எழுந்தார். தங்கமான மனுஷர், யாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். "சாமி, நெய் டின்னு ஏத்துற வரைக்கும் நிக்கோணும்னு ஒண்ணு சேத்திக்குங்க" என்றார்.

"இப்படியே போனா பஸ்ஸு கிளம்பவே கூடாதுன்னு ஒரு திருத்தம் வருமுங்க" என்று நான் கத்தினேன். "ஆமாங்க" என்றது சபை.

வாய்மொழியாகக் கேட்டால் பயனில்லை, ஆளைப் பிரித்து எண்ணுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். டில்லியில் அதற்கும் வழி உண்டாம். ஆதரிக்கிறவர்கள் தலைவருக்கு வலப்பக்கம், எதிர்க்கிறவர்கள் இடப்பக்கம் போய் நிற்கவேண்டும். நெய்க்காரரின் திருத்தத்துக்கு அப்படியே பிரித்தார். அத்தனை பேரும் வலப்பக்கம் போய் நின்றார்கள். நான் ஒருத்தி மட்டும் இடப்பக்கம், வேகிற வெயிலில். அப்போதுதான் கவனித்தேன், புளியமரம் இருந்தது தலைவருக்கு வலப்பக்கம். சபை ஓட்டுப் போட்டது நெய்க்காரருக்கு இல்லை, நிழலுக்கு.

தோற்றவளுக்குத்தான் புத்தி வரும். வியாழக்கிழமை கரி கொட்டுவதற்குள் குமாஸ்தாவிடம் போய், "ஒரு திருத்தத்தை ரத்து பண்றதுக்கும் ஓட்டெடுக்கலாங்களா?" என்று கேட்டேன். எடுக்கலாம் என்றார். கைக்குழந்தையைத் தவிர மற்றதையெல்லாம் நீக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். தலைவரை அதே இடத்தில், அதே திசையைப் பார்த்து நிற்கச் சொன்னேன். தீர்மானம் அமோகமாக நிறைவேறியது. நெய்க்காரரும் டின்னைத் தூக்கிக்கொண்டு நிழல் பக்கம் வந்துவிட்டார். "என்னங்க, உங்க திருத்தத்தை நீங்களே எடுத்துட்டீங்களே" என்று கேட்டேன். "வெயில்ல நெய்யி உருகி வழிஞ்சிருமுங்க சாமி" என்றார். வெள்ளிக்கிழமை மூன்றாவது வாசிப்பும் அதே நிழலில் முடிந்தது.

மசோதாவை ஏணி வழியாக மேல்சபைக்கு அனுப்பினோம். அவர்கள் கூடிப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். கூரையில் ஏறினவர்கள் எல்லோரும் உட்கார்ந்தபிறகுதான் மூன்றாவது ஹாரன் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏணியில் நிற்பவன் கீழே விழுவான் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கீழே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேல்சபை எதற்கு இருக்கிறதென்று குமாஸ்தா ஆயிரம் தடவை சொன்னபோது புரியாதது அன்றைக்குப் புரிந்தது. மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டோம்.

மிச்சம் டிரைவர்தான். அவர் எதிரில் போய் நின்று மசோதாவைப் படித்துக் காட்டினேன். அவர் ஹாரனைப் பார்த்தார், நெய்க்காரரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பார்க்கலாங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் என் வேலை போய்விட்டதென்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய்த் தானே காபி போட்டுக் குடித்தார்.

திங்கட்கிழமை காலை, விடிந்தும் விடியாமலும் போய் பஸ்ஸில் உட்கார்ந்தேன். எனக்கு முன்பே நெய்க்காரர் உட்கார்ந்திருந்தார். தலை ஈரம்கூடக் காயவில்லை. "சட்டமுன்னா சட்டந்தானுங்க சாமி" என்றார். டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கூரையிலிருந்து "உக்காந்தாச்சுங்க" என்று குரல் வந்தது. மூன்றாவதையும் அமுக்கிவிட்டு வண்டியை எடுத்தார். ஒப்புதல் கிடைத்துவிட்டது.

தெருமுனை திரும்பியிருப்போம். "குமாஸ்தா ஐயா ஓடியாராருங்க" என்று பின்னாலிருந்து கிளீனர் கத்தினார். திரும்பிப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைவர் ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் வீடு வழியில்தான். இரண்டாவது ஹாரன் கேட்டபிறகு சட்டையை மாட்டுவதுதான் அவர் வழக்கம். ஊருக்குத்தான் உபதேசம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துணைத் தலைவர் நான்தானே. "இன்னைக்கு ஒரு நாளைக்குச் சட்டத்தை நிறுத்தி வெக்கோணும்னு தீர்மானம் கொண்டாறேனுங்க" என்றார் நெய்க்காரர். டிரைவரின் கால் பிரேக்குக்குப் போயிற்று.

எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் இல்லாவிட்டால் இந்தச் சட்டமே இல்லை. ஆனால் அவருக்காக நின்றால், வெற்றிலைக்காரருக்கும் நிற்கவேண்டும். முதல் நாளே போய்விட்டால் அப்புறம் சட்டம் எங்கே, என் வேலை எங்கே. "நிறுத்தாதீங்க டிரைவர் ஐயா. சட்டத்தை நிறுத்தி வெக்கிறதும் ஒரு சட்டந்தானுங்க. அதுக்கும் மூணு வாசிப்பு வேணும்" என்றேன். சொல்லிவிட்டு, நெய்க்காரரின் தீர்மானத்தை நானே படிக்க ஆரம்பித்தேன். என் வாழ்நாளில் அத்தனை வேகமாக எதையும் படித்ததில்லை. முதல் வாசிப்பு. ஆமாங்க. இரண்டாவது வாசிப்பு, திருத்தம் உண்டா, இல்லை. ஆமாங்க. மேலிருந்து கூரையைத் தட்டி, "மேல்சபை சம்மதமுங்க, வெரசாப் பண்ணுங்க" என்றார்கள்.

அதற்குள் ஊரைத் தாண்டி மேடு வந்துவிட்டது. கரி பஸ்ஸுக்கு மேடு என்றால் உயிர் போகும். இரைந்தது, இருமியது, கட்டை வண்டி வேகத்துக்கு வந்தது. நான் மூன்றாவது வாசிப்புக்கு வாயைத் திறக்கும்போது ஒரு குடை உள்ளே வந்து விழுந்தது. பின்னாலேயே குமாஸ்தா ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முதல் வார்த்தையாக, "கோரம்... இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பக்கம் போய் வந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டுக் குமாஸ்தா என் பக்கம் திரும்பி, "நின்னிருந்தா நம்ம சட்டம் போயிருக்குமுங்க. நல்லவேளை, மேடு நம்ம கட்சி" என்றார்.

அன்று புளியமரத்தடியில் சபை கூடவில்லை. வேட்டியைக் கரியாக்கிக்கொண்டு ஆளுக்குக் கொஞ்ச நேரம் காற்றுச் சக்கரத்தைச் சுற்றினார்கள். நாமக்கல் மலை கண்ணில் பட்டபோது எல்லோரும் அதற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பஸ் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் போகவில்லை. நேரே பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றது. டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடித்தார்.

மணி இன்னும் அடிக்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார். எனக்குப் பின்னால் பஸ்ஸே இறங்கி நின்றது, கூரைக்காரர்கள் உட்பட.

"யார் இவங்கல்லாம்?" என்றார்.

"சட்டசபைங்கம்மா" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நெய் டின்னைப் பார்த்தார். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தலைவரைப் பார்த்தார். "நாளைக்கு?" என்றார்.

"நாளைக்கும் இதே சட்டந்தானுங்கம்மா. மாத்தணும்னா மூணு வாசிப்பு வேணும்."

அந்த அம்மாள் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "சரி, பிரார்த்தனைக்கு நில்லுங்க" என்றார். எனக்குத்தான் சொன்னார். ஆனால் ஒரு பெரிய மனுஷி நில்லுங்கள் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு முடியாது என்று சொல்லத் தெரியுமா. நெய்க்காரர் டின்னைக் கீழே வைத்தார். நெசவுக்காரர்கள் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். டிரைவர் இறங்கி வந்து, மதில் ஓரமாகக் கை கூப்பி நின்றார். மணி அடித்தது, பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்க டீச்சரம்மா, மூணாவது ஹாரன் அடிச்சாச்சே" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கேட்டும் திரும்பவில்லை. யாருக்காகவும் நிற்கக்கூடாத பஸ், சட்டம் வந்த முதல் நாளே, பாட்டு முடிகிறவரை எனக்காக நின்றது.