சாம்பிள் கெட்ட தாய்ப்பால்

பிள்ளைபெத்த வார்டுல ஆயா வேலைன்னா கூட்டிப் பெருக்குறது கொஞ்சம், புருசன்மாரைச் சமாளிக்கிறதுதான் ரொம்ப. என்னைய மாதிரி வார்டே கதின்னு கெடக்குறவங்களுக்கு நாஞ் சொல்றது புரியும்.

கேன் ரிட்டன்

வல்லத்திராக்கோட்டை ரேவதி, புள்ள பெத்த பத்தாம் நாளு, ஒரு பக்கம் மாரு கல்லாக் கட்டிக்கிட்டுக் காய்ச்சலோட வந்துச்சு. பால எடுத்து லேபுக்கு அனுப்புனாங்க. 'பாக்டீரியா வளந்துருக்கு'ன்னு ரிசல்ட்டு. புருசன் முருகேசன் ஊருல பால் சொசைட்டியில பாலு டெஸ்ட் பண்றவரு. கேட்டாரோ இல்லியோ, புள்ளையப் புடுங்கிக்கிட்டு டப்பாப்பால் வாங்கியாந்துட்டாரு.

டாக்டரம்மா மூக்கால பேசுவாங்க, நான் அப்புடியே பேசிக் காட்டுவேன். "எல்லாத் தாய்ப்பால்லயும் கிருமி இருக்கும்ங்க. இதுல ஒரு கிருமி கூடிப்போச்சு, மாத்திரை எழுதிருக்கேன். குடுக்குறத நிறுத்துனாத்தான் கட்டி பெருசாகும், குடுங்க." தலைய ஆட்டிட்டு முருகேசன் என் காதுகிட்ட வந்தாரு.

"சாம்பிள் கெட்டா நாங்க கேனையே திருப்பி அனுப்பிருவோம், ஆயாம்மா. காய்ச்சியாவது குடுக்கலாமா?"

அஞ்சு தரம்

ஒருவழியாப் புள்ளைய மார்ல விட்டாங்க. அது மோந்து பாத்துட்டு மூஞ்சிய இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பி வீல்னு கத்துச்சு. "பாத்தீங்களா, புள்ளைக்கே தெரியுது!"ன்னாரு முருகேசன். ரேவதி பொலபொலன்னு அழுவுது. கண்ணத் தொடைக்கலாம்னு கிட்டக்கப் போனா, குப்புன்னு சோப்பு வாடை. கிருமி போகணும்னு காலையிலருந்து அஞ்சு தரம் தேச்சுக் கழுவிருக்கு! தோலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. நர்ஸம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க.

"ஏம்மா, அது ஒம்பால வேணாங்கல, ஒஞ் சோப்பத்தான் வேணாங்குது!"

அழுதது யாரு?

வெறுந்தண்ணியில கழுவியாச்சு. ஆனா பயத்துல ஒரு சொட்டு எறங்கல. புள்ள கத்திக் கத்தித் தூங்கிப்போச்சு. முருகேசன் அதத் தோள்ல போட்டுக்கிட்டு வராண்டாவுல டப்பாவத் தொறக்கவா வேணாமான்னு நிக்கிறாரு.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வார்டுல எந்தப் புள்ள எப்புடி அழும்னு அப்புடியே அழுது காட்டுவேன். ரேவதி புள்ளைக்கு ஆட்டுக்குட்டி மாதிரி நடுவுல ஒரு விக்கல். திரைக்குப் பின்னால நின்னு "ங்ஙே... க்க்... ங்ஙே"ன்னேன். ரேவதி பதறி எந்திரிச்சுச்சு. பாலு சொரந்து நைட்டி முன்பக்கம் பூராம் நனைஞ்சுபோச்சு!

முருகேசன் ஓடியாந்தாரு. "எம்புள்ள எந்தோள்ல தூங்குது, உள்ள அழுவுறது யாரு?" நாங்க சிரிச்ச சிரிப்புல புள்ள முழிச்சுக்கிச்சு. மார்ல விட்டா மடக்கு மடக்குன்னு குடிக்கிது. "கட்டி எளகுதுக்கா"ன்னு ரேவதி மூச்சு விட்டுச்சு. முருகேசன் பிரிக்காத டப்பாவப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு.

"கேனைத் திருப்பி அனுப்ப வேணாம், ஆயாம்மா."

வாய மூடு, வாய மூடுன்னு என்னையத் தெனமும் வையிறவங்களுக்குச் சொல்லிக்கிறேன், நான் மூடிருந்தா அன்னைக்கு டப்பாவத் தொறந்துருப்பாங்க.